பாக்கியவதியிடம் கருத்துக் கேட்டார்கள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைனில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மண் பூசிய மூங்கில் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் தும்முவோம். அந்தப் பக்கத்து வீட்டில்தான் பாக்கியவதி இருந்தாள். அதனால் அவளைப் பற்றி நான் எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி தட்டி வழியாகக் கேட்டது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு மாதம் லைன் வீட்டில் குடியிருந்து பார்க்கலாம்.

அவள் அப்பா சம்பங்கி, சுரங்கத்தில் கேஜ் வாசலில் வேலை பார்த்தார். ஆட்களை ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே கொண்டுபோகும் இரும்புக் கூண்டுதான் கேஜ். ஏறுகிறவர்களை எண்ணி, கதவைச் சாத்தி, மணி அடித்து இறக்குவதும், ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களை மறுபடி எண்ணுவதும் அவர் வேலை. முன்னே அவரும் கீழே இறங்கினவர்தான். ஒருநாள் கீழே பாறை வெடித்துச் சிதறியது. எங்கள் ஊரில் அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். எல்லோரும் மேலே வந்தும் ஒரு ஆள் மட்டும் கணக்கில் குறைந்தான். அவனைத் தேடி மறுபடி இறங்கினவர்களில் சம்பங்கியும் ஒருவர். இரண்டாவது தடவை பாறை விழுந்ததில் இடது கால் போயிற்று. போயிற்று என்றால் இருக்கிறது, மடங்காது. தேடப்பட்ட மகராசன் அன்றைக்கு இறங்கவே இல்லை. கூட்டாளியிடம் சொல்லித் தன் பேரைப் பதிய வைத்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் மேட்னி பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து சம்பங்கி வீட்டில் ஒரே வேதம்தான். இறங்காதவன் பேரை இறங்கினதாக எழுதக் கூடாது. இறங்கினவன் பேரை எழுதாமல் விடக் கூடாது. சுவரில் புத்தர் படம் இருந்தது, பௌர்ணமிக்கு விகாரத்துக்கும் போவார்கள். ஆனாலும் பாக்கியவதி முதலில் மனப்பாடம் செய்தது பஞ்சசீலத்தையா, இந்தக் கேஜ் வேதத்தையா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான்.

எங்கள் காலேஜில் அவள் பி.எஸ்சி. சேர்ந்து ஜியாலஜி எடுத்தாள். நான் சரித்திரம் எடுத்தேன். பெண்களெல்லாம் அதைத்தான் எடுத்தார்கள். அவள் அம்மா ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கல்லைப் பற்றிப் படிக்க காலேஜ் எதற்கு, வாசலைப் பெருக்கினாலே வேண்டிய மட்டும் கிடைக்குமே என்பது அவளுடைய வாதம். பாக்கியவதி எதிர்வாதம் செய்கிற ஜாதி இல்லை. நினைத்ததை ஒருமுறை சொல்வாள். எதிரே இருப்பவர் புரிந்துகொள்ளும்வரை அங்கேயே நிற்பாள். இந்தக் குணத்தால் பஸ் கண்டக்டர்கள் அவளிடம் ஒழுங்காகச் சில்லறை கொடுத்தார்கள். மற்றபடி அது அவளுக்குப் பெரிதாக எந்த நன்மையும் செய்ததாக எனக்குத் தெரியாது.

அவளுடைய வகுப்பில் மொத்தம் பதிமூன்று பேர். பன்னிரண்டு பையன்கள், இவள் ஒருத்தி. மூன்றாம் வருஷத்தில் ஜியாலஜி மாணவர்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போவது வழக்கம். தங்க ரேகை பாறையில் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து, ரெக்கார்டில் படம் வரைந்து, லெக்சரர் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் பரீட்சை பாஸாக முடியாது. பாக்கியவதி ஜியாலஜி எடுத்ததே இந்த ஒரு நாளுக்காகத்தான். பிறந்ததிலிருந்து வீட்டுக்கு அடியில் வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் அவள். அப்பாவின் கால் எந்த இடத்தில் மடங்காமல் போயிற்று என்று பார்க்க வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள்.

1974-ல் அந்த நாள் நெருங்கியது. லெக்சரர் சுந்தரராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் பொய் சொல்வார். சட்டப்படி பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் வேலைக்கு அனுப்பக் கூடாது. படிக்கிற பெண் வேலைக்கா போகிறாள் என்று அவரே சுரங்க ஆபீசில் கேட்டாராம். மாணவர்களுக்கும் தொப்பி, விளக்கு, டோக்கன் கொடுத்து, தொழிலாளி மாதிரியே பேர் எழுதித்தான் இறக்குகிறோம், ஆகவே அந்த ஒரு நாளைக்கு அவர்கள் தொழிலாளிகள்தான், ஆகவே பெண் கூடாது என்று பதில் வந்ததாம். அதனால் என்ன, நீ மேலேயே இரு, பையன்கள் வரைந்ததைப் பார்த்து வரைந்துகொள், நீயும் இறங்கியதாக நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார் சுந்தரராஜ். எந்தப் பெண்ணும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். நானாக இருந்தால் ஒரு கும்பிடும் போட்டிருப்பேன்.

பாக்கியவதி வேண்டாம் என்றாள். இறங்காதவள் பேரை இறங்கியதாக எழுதினால், கீழே ஏதாவது ஆனால் இல்லாத ஆளைத் தேடி இன்னொருவன் சாவான் என்று காரணம் சொன்னாள். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து யாரம்மா தேடப் போகிறார்கள் என்று சுந்தரராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களைப் போல என்னையும் பேர் எழுதி இறக்குங்கள் சார் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். கடைசியில் சுந்தரராஜ்தான் அறையை விட்டு வெளியே போனார்.

இப்படி இருக்கையில்தான் சமத்துவம் எங்கள் ஊருக்கு ரயிலில் வந்தது. அடுத்த வருஷம் உலகம் முழுக்க மகளிர் ஆண்டு கொண்டாடப் போகிறார்களாம். அதற்குள் படிப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரு கொள்கை எழுதியாக வேண்டும், எழுதுவதற்கு முன் மாணவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று யுனிவர்சிட்டி ஒரு குழுவைப் போட்டிருந்தது. சுந்தரராஜ் உடனே சுரங்கப் பயணத்தைத் தள்ளிப் போட்டார். பிரின்சிபால் காலேஜுக்கு வெள்ளையடித்தார். பெண்கள் சார்பில் பேச பாக்கியவதியைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் நடுங்காமல் பேசுகிற பெண் அவள் ஒருத்திதான். பேசவேண்டியதை இங்கிலீஷ் லெக்சரர் கிளாரன்ஸ் எழுதிக் கொடுத்தார். பெண் தேசத்தின் கண், இந்தக் காலேஜில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அழகாக எழுதியிருந்தார். குறை இல்லை என்று சொல்லக் குழு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன், நான் படிக்கும் சரித்திரத்தில் வாயைத் திறந்தவர்களுக்கு நேர்ந்ததெல்லாம் எழுதியிருந்தது.

குழு காலையில் வருவதாக இருந்தது. பங்காருபேட்டையில் ரயில் தாமதம். ராபர்ட்சன்பேட்டையில் சாப்பாடு தாமதமாகவில்லை, ஆனால் நீண்டது. மூன்று மணிக்கு மேல்தான் ஹாலுக்கு வந்தார்கள். வழக்கம்போல் பையன்கள் முன்னால், நாங்கள் பின்னால் கதவோரம். முதலில் மாணவர் சங்கச் செயலாளர் நாகேஷ் எழுந்து பெண் சமத்துவத்தைப் பற்றிப் பேசினான். அவனும் ஜியாலஜி வகுப்புதான். பெண் தெய்வம், பெண் தாய், பெண் தியாகம் என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் உருகி இங்கிலீஷில் முடித்தான். அவனுக்குப் பின் இன்னும் சில பையன்கள் பெண்களின் துயரத்தை விளக்கினார்கள். அவர்கள் சொல்லித்தான் எங்களுக்கு இவ்வளவு துயரம் இருப்பதே தெரிந்தது. பெண்களின் கருத்துதான் மிக முக்கியம், ஆகவே அதைக் கடைசியில் கேட்போம் என்றார் குழுத் தலைவர்.

நான்கு மணிக்கு ஹாரன் அடித்தது. அது பெண்களின் பஸ். நான்கு மணிக்கு மேல் காலேஜில் பெண்கள் இருக்கக் கூடாது என்பது சட்டம், அந்தப் பஸ்ஸை விட்டால் லைனுக்கு நடக்க வேண்டும் என்பது நிஜம். நாங்கள் எல்லோரும் எழுந்தோம். எங்களுக்குப் பிரியாவிடை சொல்வதுபோலத் தலைவர் கையைக்கூட உயர்த்தினார். பாக்கியவதி மட்டும் போகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போனால் ஜெயம்மாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நானும் கதவருகில் நின்றேன்.

குழுவில் ஒரு பெண்ணும் இருந்தார். ஃப்ளோரா அம்மையார், பெங்களூர் கண்டோன்மென்ட் தமிழர், கண்ணியமான கதர்ப் புடவை. நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவர்தான் கேட்டார். கிளாரன்ஸ் கொடுத்த காகிதத்தை பாக்கியவதி மடித்துப் பையில் வைத்தாள். எங்க கிளாஸ்ல பதிமூணு பேரு, பன்னெண்டு பேரை இறக்கறாங்க, என்னையும் பேர் எழுதி இறக்கணும், அவ்வளவுதான் என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நாகேஷ் பேசியது அரை மணி நேரம். பிரின்சிபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஃப்ளோரா அம்மையாரின் கண் கலங்கிவிட்டது. இதுதான் நாங்கள் தேடி வந்த குரல் என்று தலைவரிடம் இங்கிலீஷில் சொன்னார். நாளைக் காலையில் எங்களுக்குச் சுரங்கம் காட்டப் போகிறார்கள், நீயும் வா, அந்த ஆபீசர்களிடம் நானே பேசுகிறேன் என்றார். அன்று நாங்கள் இருவரும் லைன் வரைக்கும் நடந்தே வந்தோம். வழியெல்லாம் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கவனித்துக் கேட்டேன், பாறைகளின் பேர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் அவள் அண்ணனின் கால்சட்டையைப் புடவைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இறங்கும்போது புடவை காற்றில் பறக்குமாம். நான் அவளோடு போனேன். கேஜ் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் சம்பங்கி வேலையில் இருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் வெளிறியது. வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் அவர் ஒன்றும் சொன்னதில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஃப்ளோரா அம்மையார் சொன்னபடியே ஆபீசரிடம் பேசினார். ஆபீசர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அம்மா, நீங்கள் விருந்தாளி. விருந்தாளிக்கு டோக்கன் கிடையாது, பேர் எழுதுவதும் கிடையாது, ஆகவே சட்டத்தில் நீங்கள் இறங்கவே இல்லை. இந்தப் பெண் மாணவி, மாணவி என்றால் டோக்கன், டோக்கன் என்றால் தொழிலாளி என்றார். அப்படியானால் அவளையும் விருந்தாளியாகக் கொள்ளுங்களேன் என்றார் அம்மையார். ஆபீசர் பாக்கியவதியை மேலும் கீழும் பார்த்தார். லைன் வீட்டுப் பெண் விருந்தாளியாவது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. பாவம், அவர் மேல் தப்பில்லை, அங்கே யாருக்குமே விளங்கியிருக்காது. கீழே சுரங்கத் தளத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

அம்மையார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, நானே நேரில் பார்த்தால்தான் உனக்காக அழுத்தமாக எழுத முடியும் என்று பாக்கியவதியிடம் சொல்லி, கைப்பையையும் குடையையும் செருப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டு, கம்பெனி பூட்ஸை மாட்டிக்கொண்டு கேஜில் ஏறினார். சம்பங்கி விருந்தாளிகளை எண்ணினார். டோக்கன் இல்லாதவர்களுக்காகக் கதவுப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் தானாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வார். கோடு போட்டார், கதவைச் சாத்தினார், மணி அடித்தார். சமத்துவம் சடசடவென்று கீழே போயிற்று. மேலே பாக்கியவதி அதன் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கயிறு ஓடி நின்ற பிறகு சம்பங்கி மகள் பக்கம் திரும்பினார்.

“நல்லதாப் போச்சி” என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

“முப்பது வருசமா இங்க கீறேன் பாக்கியா. எத்தினி பேரை மூட்டையா கட்டி மேல தூக்கிக் கீறேன் தெரியுமா? நீ எறங்கிட்டு வர்ற வரைக்கும் இந்த மணியப் புடிச்சிகினு நிக்க என்னால ஆவாது. ஆபீசரு வேணான்னாரு. நல்லதாப் போச்சி.”

ஆபீசர் மறுத்தபோது கலங்காதவள், அம்மையார் செருப்பைக் கொடுத்தபோது கலங்காதவள், இதற்கு அழுதுவிட்டாள். குடையை இடுக்கிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு சம்பங்கியின் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரும் அழுவார்போல இருந்தார் என்பதால் சும்மா இருந்தேன்.

அம்மையார் ஒரு மணி நேரத்தில் மேலே வந்தார். முகமெல்லாம் கல்தூசி, தலையெல்லாம் வேர்வை. பூட்ஸைக் கழற்றக்கூட நிற்காமல் பாக்கியவதியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பெண்ணாப் பொறந்தவ யாருமே போகக் கூடாத இடம்மா அது. நீ கொடுத்து வச்சவ.”

பாக்கியவதி செருப்பைக் கீழே வைத்தாள்.

கொள்கை வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அதில் எங்கள் காலேஜுக்குப் பொருந்தும் வரி ஒன்று இருந்தது. எந்தப் பயிற்சியிலும் மாணவருக்கும் மாணவிக்கும் வித்தியாசம் காட்டக் கூடாது. அம்மையார் அழுத்தமாகத்தான் எழுதியிருந்தார். பிரின்சிபால் அதைப் பலமுறை படித்தார். பெண்ணை இறக்கச் சட்டம் விடாது. பெண்ணை விட்டுவிட்டுப் பையன்களை இறக்கக் கொள்கை விடாது. ஆகவே இனி யாரும் இறங்க வேண்டாம் என்று உத்தரவு போட்டார். இப்படியாக எங்கள் காலேஜில் ஆணும் பெண்ணும் சமமானார்கள்.

பையன்கள் கொதித்தார்கள். இரவல் பூட்ஸ் ஏற்பாடு செய்து, ராபர்ட்சன்பேட்டை போட்டோக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார்களாம். ஒரு பெண்ணால் எல்லோருடைய வாய்ப்பும் போயிற்று என்று நாகேஷ் காலேஜ் கேட்டருகே நின்று பேசினான். அந்தப் பேச்சில் தெய்வமும் தாயும் வரவில்லை. ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. பிறகு சுந்தரராஜ் பதிமூன்று ரெக்கார்டிலும் சுரங்கப் பயணம் முடிந்தது என்று ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கஷ்டப்படாமல் வேலை முடிந்ததே என்று பையன்கள் சாந்தமானார்கள். பாக்கியவதி தன் நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள். அதனால் என்ன, நோட்டு லேபிலேயே இருந்தது, அவரே எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிராக்டிகல் பரீட்சைக்கு மைசூர் பக்கத்திலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். கீழே என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பன்னிரண்டு பேரும் சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவும் மாமாவும் சொன்னதையெல்லாம் தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். கடைசியில் பாக்கியவதி போனாள். நான் இறங்கவில்லை சார் என்றாள். கையெழுத்து இருக்கிறதே என்றார் அவர். கையெழுத்து இருக்குது சார், நான் இறங்கல என்றாள்.

எக்ஸாமினர் சுந்தரராஜைக் கூப்பிட்டார். அந்த நல்ல மனுஷருக்கு அன்று காப்பாற்ற வேண்டிய பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அத்துடன் தன் வேலை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பெண் மட்டும் இறங்கவில்லை சார், பெண்களைக் கீழே விடமாட்டார்கள், இவள் ரெக்கார்டில் தவறுதலாகக் கையெழுத்து விழுந்துவிட்டது என்றார். எக்ஸாமினர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அந்த வருஷம் எங்கள் காலேஜிலிருந்து ஒருவர்கூடச் சுரங்கத்தில் கால் வைக்கவில்லை. ஆனாலும் முடிவு வந்தபோது பன்னிரண்டு ஆண்கள் இறங்கி பாஸானார்கள். இறங்காமல் ஃபெயிலானவள் ஒருத்திதான்.

மற்றவர்களும் போகவில்லை என்று அங்கேயே உடைத்திருக்கலாமே என்று அவளிடம் சண்டை போட்டேன். நானாக இருந்தால் பன்னிரண்டு பேரையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டிருப்பேன்.

“அவரு என்னைப் பத்திதான் கேட்டாரு சரோஜா. என் பேருக்குத்தான் நான் பொறுப்பு.”

இப்படிப்பட்டவளோடு சண்டை போடுவது வீண் என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வழக்கம்போல் சாப்பிட்டாள் என்று தட்டி வழியாகத் தெரிந்தது. சம்பங்கிதான் சாப்பிடவில்லை. ஜெயம்மா தட்டை வைப்பதும் எடுப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த ஜூனில் ஜியாலஜியில் ஒரு பெண்கூடச் சேரவில்லை. சேருவதற்கு அவர்களுக்கென்ன பைத்தியமா? மேல் வகுப்புகளிலும் பெண் இல்லை. பெண்ணே இல்லாத இடத்தில் வித்தியாசம் காட்டுவது எப்படி என்று பிரின்சிபால் யோசித்தார். வித்தியாசம் இல்லை என்றால் கொள்கைக்குப் பங்கம் இல்லை. சுரங்கப் பயணம் மறுபடி ஆரம்பமாயிற்று. ஆகஸ்டில் புதுப் பையன்கள் போட்டோக்காரரோடு வந்து சம்பங்கியின் கேஜில் ஏறினார்கள். அவர் எண்ணினார், மணி அடித்தார்.

அதே வாரத்தில் குழு இரண்டாம் தடவை வந்தது. கொள்கை எப்படி நடக்கிறது என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்க. மகளிர் ஆண்டு ஆயிற்றே. பாக்கியவதி புடவையை நீவிக் கட்டிக்கொண்டு போனாள். பரீட்சையில் தவறியவள் காலேஜ் பதிவில் இல்லை, கருத்து மாணவர்களிடம்தான் கேட்பார்கள் என்று ஹால் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கூட்டம் முடிந்து கார் கிளம்பும்வரை அவள் கேட்டருகே நின்றாள். ஃப்ளோரா அம்மையார் அடையாளம் கண்டுகொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்தார். நன்றாகப் படிக்கிறாயா அம்மா என்று கேட்டார். பதில் வருவதற்குள் கார் வளைவைத் தாண்டிவிட்டது. மறைவாக எதையும் பேசத் தெரியாத நல்ல பெண்மணி. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அன்று சாயங்காலம் சம்பங்கி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசலில் உட்காரவில்லை. நேரே உள்ளே போனார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்குவதை நிறுத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

“அன்னிக்கி நான் சொன்னத மனசுல வச்சிக்காத” என்றார் மகளிடம்.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் பசங்களெல்லாம் சிரிச்சிகினு எறங்கறானுங்க பாக்கியா. ஒருத்தனுக்கும் கீழ இன்னா கீதுன்னு பாக்க ஆசை இல்ல. போட்டோக்குப் பல்லக் காட்டறானுங்க. எனக்கு வயிறு எரியுது.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். தணித்தால் தட்டிக்கு என்ன.

“ஞாயித்துக்கெழம தண்ணி எறைக்கற பம்ப் பாக்கறவங்க ரெண்டு பேருதான் எறங்குவாங்க. ஆபீசரு யாரும் வரமாட்டாங்க. கேஜ் காலி. தொப்பியும் கோட்டும் போட்டுகினு வா, நான் எறக்கி வுடறேன். பம்புக்காரங்க நம்ம ஆளுங்க, வாயத் தெறக்கமாட்டாங்க. பாத்துட்டு வந்து படத்த வரஞ்சி பரீச்ச எழுது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பங்கியின் வாயிலா இந்தப் பேச்சு? தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கும் லைன் வீடும் போகும். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. முப்பது வருஷமாக ஒரு தலைகூடக் கணக்கில் தவற விடாத மனுஷன், மகளுக்காக அதை விடத் துணிந்துவிட்டார். சரி என்று சொல்லுடி என்று நான் அரிசி முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேண்டினேன்.

“என் பேர எழுதுவியா நைனா?” என்று கேட்டாள் பாக்கியவதி.

“எழுத முடியாதுமா. எழுதினா தெரிஞ்சிபூடும்.”

“சொவத்துல கோடு?”

“அதுவும் ஆவாது.”

“அப்ப கீழ ஏதானா ஆச்சின்னா, நான் அங்க கீறேன்னு யாருக்கும் தெரியாது. யாரு தேடுவாங்க?”

“நான் தேடுவேன்” என்றார் சம்பங்கி.

எந்தப் பெண்ணுக்கும் அது போதும். அவளுக்கும் போதும் என்றுதான் நான் நினைத்தேன்.

“நீ தேடுவ நைனா. அது எனக்குத் தெரியும்” என்றாள். “அவங்களும் தேடணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்புக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள்.